கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறுவது எப்படி?

2018 நவம்பர் 16. கஜா புயல் விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவில் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துப் போட்டுவிட்டு, அதே நாளில் எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தது. புயல் என்றால் கடற்கரைக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டு இருந்த ஆளுங்க நாங்க. பழனியில் எங்க தெருவில் ரெண்டு வேப்பமரம், கொஞ்சம் ஓடு, அதோட போச்சு. மேலே கொடைக்கானலில் அப்படி இல்லை. ரோடெல்லாம் மரம். கரண்ட் கம்பி எல்லாம் தரையில். செல்போன் டவர்கள் பேட்டரி இருக்கிறவரை மூச்சு விட்டுட்டு ஒவ்வொண்ணா அடங்கிடுச்சு.

எங்க பெரியப்பா வீடு பூம்பாறைக்கு அந்தப்பக்கம். பூண்டு போடுவார், கொஞ்சம் உருளைக்கிழங்கு, கேரட். அவர் எழுபது தாண்டினவர், பெரியம்மாவுக்கு ஆஸ்துமா. நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. அஞ்சாவது நாள் யாரோ ஒருத்தர் பெருமாள்மலை வரைக்கும் நடந்தும் வண்டியிலுமா வந்து, அங்கிருந்து போன் போட்டு, "உங்க பெரியப்பா நல்லா இருக்காரு, மாட்டுக்கொட்டாய்தான் போச்சு"னு சொன்னார். அப்புறம்தான் எங்கப்பா சாப்பிட்டார்.

இதுல எனக்கு மட்டும் தனியா ஒரு குத்தல். வீட்டு ஷெல்ஃபில் என் பேரில் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கு. பக்கத்திலேயே செகண்ட் ஹேண்டில் வாங்கின நூறு வாட் ஜப்பான் பெட்டி. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. ஆனா அந்த நாலு நாளும் ஷெல்ஃபைத் தூசி தட்டுறப்போ என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "இத்தனை வருஷம் இதை எதுக்கு வச்சிருக்கீங்க"ங்கிற பார்வை. நியாயமான பார்வை.

சரி, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிருக்கலாமே? கணக்குப் போட்டேன். நூறு வாட் வெளியே அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும். அதாவது 276 வாட் உள்ளே, 100 வாட் ஆன்டெனாவுக்கு, மிச்சம் 176 வாட் பெட்டியின் முதுகில் இருக்கிற அலுமினியத்தைச் சூடாக்க. பைக் பேட்டரி அளவு இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, சாவியை அமுக்கிப் பிடிச்சா கால்மணி நேரம்கூடத் தாங்காது. பெரிய பேட்டரின்னா தலைச்சுமைக்கு ஆள் வேணும். கரண்ட் இல்லாத ஊரில் அதைத் திரும்ப சார்ஜ் செய்யறது யாரு?

இந்த "மிச்சம் சூடாப் போகுது" விஷயம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு உறுத்தல். (கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கங்க.) பழனியில் வளர்ந்தவங்களுக்கு கோடை பண்பலை தெரியாம இருக்காது. 100.5 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானல் உச்சியில் உட்கார்ந்துக்கிட்டு மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சின்னு அத்தனை டீக்கடைக்கும் பாட்டுப் போட்ட நிலையம். பத்து கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்னு எங்கேயோ படிச்சதும் எனக்கு வந்த முதல் கேள்வி, பத்து கிலோவாட் வெளிய போகணும்னா எத்தனை கிலோவாட் உள்ள போகணும் என்பதுதான். ஒரு பேச்சுக்கு 60 சதவீதம் திறன்னு வச்சுக்குங்க. 16.7 கிலோவாட் உள்ளே போகணும், 6.7 கிலோவாட் சூடு. அதுவே 80 சதவீதம்னா 12.5 உள்ளே, 2.5 சூடு. பாட்டு அதே பாட்டுதான். ஆனா ஒரு கட்டிடத்தில் ஆறேழு ஹீட்டர் ராத்திரி பகலா எரியறதுக்கும் ரெண்டரை ஹீட்டர் எரியறதுக்கும் உள்ள வித்தியாசம். கொடைக்கானல் குளிர்தானே, சூடானா என்னன்னு கேக்காதீங்க. ஏழாயிரம் அடி உயரத்தில் காத்து அடர்த்தி கீழே இருக்கிறதைவிட அஞ்சில் ஒரு பங்கு குறைவு. மெல்லிசான காத்து சூட்டைச் சுமந்துட்டுப் போறதும் குறைச்சல்.

சூடு எங்கே இருந்து வருதுன்னு பார்த்தா விஷயம் ரொம்ப எளிசு. டிரான்சிஸ்டரைத் தண்ணிக்குழாய்னு வச்சுக்கலாம். குழாயை முழுசா மூடினா, பின்னால அழுத்தம் இருக்கு, தண்ணி ஓடலை. முழுசா திறந்தா, தண்ணி ஓடுது, குழாயில் அழுத்தம் இல்லை. பாதி திறந்தா ரெண்டும் இருக்கு. அழுத்தம் பெருக்கல் ஓட்டம், அதாவது வோல்ட்டேஜ் பெருக்கல் கரண்ட், அதுதான் சூடு. பாட்டும் பேச்சும் பிசகாமப் பெருக்கித் தரணும்னா குழாயைப் பாதியில்தான் வச்சிருக்கணும். கிளாஸ்-ஏ என்கிற வகையில் காகிதக் கணக்கிலேயே 50 சதவீதம்தான் தேறும், கிளாஸ்-பி-யில் 78.5. நிஜத்தில் இன்னும் கீழே. என் நூறு வாட் பெட்டி 36-ல் நிக்குது.

எனக்கு வேண்டியது பேச்சு இல்லை, வெறும் மோர்ஸ். ஆன், ஆஃப். அதுக்கு எதுக்கு பாதித் திறந்த குழாய்? முழுசா திற, முழுசா மூடு. ஸ்விட்ச் மாதிரி. சூடே வரக்கூடாதே?

இப்படித்தான் டிசம்பரில் ஆரம்பிச்சேன். ஐ.ஆர்.எஃப்.510-னு ஒரு மாஸ்ஃபெட். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைச்ச பிட்எக்ஸ் டிரான்சீவரில் கடைசிக்கட்டத்துக்கு இதைப் போட்டதிலிருந்து நம்ம ஊர் ரேடியோ கிறுக்குகள் எல்லார் டப்பாவிலும் நாலு கிடக்கும். உண்மையில் அது ஸ்விட்சிங் பவர் சப்ளைக்காகச் செஞ்ச சாதனம், ஏழு மெகாஹெர்ட்ஸில் பாடுறது அதோட பெருந்தன்மை. அதைச் சதுர அலையால் அடிச்சு, 12 வோல்ட் கொடுத்து, செயற்கைச் சுமையில் அளந்தேன். நாலு வாட் வெளியே, ஒன்பது வாட்டுக்குப் பக்கத்தில் உள்ளே. தொட்டுப் பார்த்த ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

ஏன்? ஏழு மெகாஹெர்ட்ஸ்னா வினாடிக்கு எழுபது லட்சம் தடவை திறந்து மூடணும். திறக்கிற அந்தக் கணம், மூடுற அந்தக் கணம், ரெண்டிலும் குழாய் பாதியில்தான் இருக்கும். அது போதாதுன்னு மாஸ்ஃபெட்டுக்கு உள்ளேயே ஒரு கெபாசிட்டர் ஒளிஞ்சிருக்கு. ஸ்விட்ச் மூடியிருக்கும்போது அதில் மின்னேற்றம் சேரும், திறந்த உடனே அத்தனையும் மாஸ்ஃபெட்டின் தலையிலேயே கொட்டும். எழுபது லட்சம் தடவை கொட்டினா விரல் வேகாம என்ன செய்யும்.

படிச்சிருந்தேன், கிளாஸ்-ஈ-ன்னு ஒண்ணு இருக்கு, அது இதையெல்லாம் சரிபண்ணும்னு. சூத்திரங்களும் தெரியும். ஆனா சூத்திரம் தெரியறதுக்கும் மண்டையில் ஏறுறதுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கு.

2019 பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். போனதும் பெரியம்மா, "வாடா எஞ்சினீரு, இந்த அடுப்பைப் பாரு"ன்னு இன்டக்ஷன் அடுப்பை மடியில் வச்சாங்க. மேலே சிலிண்டர் வர்றது லேட்டாகும், அதனால் பையன் வாங்கிக் கொடுத்த அடுப்பு. சுவிட்ச் போட்டா வீட்டு ஃபியூஸ் போகுது. திருப்பிப் போட்டு நாலு ஸ்க்ரூ கழட்டினேன். உள்ளே குளிருக்கு ஒதுங்கின கரப்பான் குடும்பம் ஒண்ணு. ஃபேன் அதில் சிக்கி நின்னு, சூடு தாங்காம ஐ.ஜி.பி.டி. போயிருக்கு. ஐ.ஜி.பி.டி.-ங்கிறது மாஸ்ஃபெட்டோட பெரியண்ணன், அதிக வோல்ட்டேஜுக்கு.

அந்தப் பலகையில் இருந்தது என்னன்னு பாருங்க. செப்புக் காயில் ஒண்ணு, பாத்திரம் உட்காரற இடத்துக்குக் கீழே, சுமார் நூறு மைக்ரோஹென்றி. அதுக்குப் பக்கத்தில் 0.3 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஸ்விட்ச் ஒரே ஒண்ணு. அவ்வளவுதான். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து ஒத்ததிர்வில் கிட்டத்தட்ட 29 கிலோஹெர்ட்ஸில் ஆடும், அந்த ஆட்டத்தில் பிறக்கிற காந்தப்புலம் இரும்புப் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கிச் சூடாக்கும். நான் ஒரு மாசமா விரலைச் சுட்டுக்கிட்டு செய்யப் பார்த்ததும் இதேதான். ஒரு ஸ்விட்ச், ஒரு காயில், ஒரு கெபாசிட்டர். இங்கே ரெண்டாயிரம் வாட். என்னுது நாலு வாட்டுக்கே வெந்துச்சு.

இன்னொரு விஷயமும் இடறுச்சு. ஐ.ஜி.பி.டி. நம்பரை வச்சுத் தேடினா 1200 வோல்ட் தாங்கும்னு போட்டிருக்கு. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அதை டி.சி. ஆக்கினா உச்சம் 325 வோல்ட். 325-க்கு எதுக்கய்யா 1200?

மேலே ஸ்பேர் கிடைக்காது. அடுப்பை மடியில் வச்சுக்கிட்டு பழனி மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கினேன். சவரிக்காடு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனா எஸ்டேட் வேலைக்குப் போற ஒரு அம்மா தலையில் சாக்கோட ஓரமா நின்னாங்க. டிரைவர் வளைவில் பிரேக்கை மிதிச்சு, முதல் கியருக்கு வந்து, ஸ்டியரிங்கை ஒடிக்கிற அந்த ஒரு நொடி வண்டி நின்னுச்சு. நின்னது மட்டும் இல்லை, முன்னாடியும் இழுக்கலை, பின்னாடியும் தள்ளலை. அந்த அம்மா மாடிப்படி ஏறுற மாதிரி ஏறினாங்க. சாக்கு அசையலை. யாரும் விசில் அடிக்கலை.

ஓடுற பஸ்ஸில் தாவினா முட்டி பெயரும். அதுதான் நான் மாஸ்ஃபெட்டைச் செய்ய வச்சது. வோல்ட்டேஜ் உச்சியில் இருக்கும்போது "திற"ன்னு உதைச்சேன்.

அடுப்பில் அப்படி இல்லை. ஸ்விட்ச் மூடினதும் காயிலில் ஓடிக்கிட்டிருந்த கரண்ட் போக இடமில்லாம கெபாசிட்டரில் ஏறுது. வோல்ட்டேஜ் ஊஞ்சல் மாதிரி மேலே எகிறி, சப்ளையைப் போல மூணு மடங்குக்கும் மேலே போய், தானாகவே திரும்பி, சுழிக்கு வந்து நிக்குது. அந்த நேரம் பார்த்து ஸ்விட்சைத் திற. கெபாசிட்டரில் கொட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லை. ஆயிரம் வோல்ட்டைத் தொட்டுட்டு வர்ற ஊஞ்சலுக்குத்தான் 1200 வோல்ட் தாங்குற ஐ.ஜி.பி.டி.

கிளாஸ்-ஈ-க்கு ரெண்டு நிபந்தனை. திறக்கிற கணத்தில் வோல்ட்டேஜ் சுழியா இருக்கணும். அந்தக் கணத்தில் அது ஏறாமலும் இறங்காமலும் தட்டையா இருக்கணும். ரெண்டாவது ஏன்னு எனக்கு அதுவரைக்கும் புரிஞ்சதில்லை, சுழிதான் வந்தாச்சே, அப்புறம் என்ன தட்டைன்னு. பஸ் நின்னாப் போதாது, அடுத்த நொடி குலுக்கக் கூடாது. அப்பத்தான் நீங்க ஒரு இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் முட்டி தப்பிக்கும். உங்க கெபாசிட்டர் அஞ்சு சதவீதம் தப்பா இருந்தாலும் ஆம்ப்ளிஃபயர் மன்னிக்கும். கையால் சுத்தின காயிலை வச்சு வேலை செய்யற ஆளுக்கு அந்த மன்னிப்புதான் எல்லாம்.

இதைக் கண்டுபிடிச்சவங்க கதையும் சொல்லிடறேன், நம்ம கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெரால்டு யூயிங்னு ஒருத்தர் 1964-ல் அமெரிக்காவில் ஓரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆய்வேட்டிலேயே இதுக்குப் பக்கத்தில் வந்துட்டார். ஆனா முழுக் கோட்பாடா, பேர் வச்சு, 1975 ஜூனில் வெளியிட்டது நாதன் சோக்கல், ஆலன் சோக்கல் என்கிற அப்பாவும் மகனும். அந்த மகன்தான் பின்னாடி இயற்பியல் பேராசிரியராகி, 1996-ல் 'சோஷியல் டெக்ஸ்ட்' பத்திரிகைக்கு அர்த்தமில்லாத ஒரு பின்நவீனத்துவக் கட்டுரையை வேணும்னே எழுதி அனுப்பி, அவங்க அதை அச்சடிச்சதும் குட்டை உடைச்ச அதே சோக்கல்! நம்ம சிற்றிதழ்க்காரங்க பின்நவீனத்துவச் சண்டையில் சோக்கல் பேரை எடுக்கிறப்போ, எனக்கு மட்டும் 3.56-ங்கிற எண்தான் ஞாபகம் வரும். சப்ளை வோல்ட்டேஜைப் போல எத்தனை மடங்கு எகிறும் என்பதுக்கு அந்தக் கட்டுரைக் கணக்கில் வர்ற எண். 325-ஐ 3.56-ஆல் பெருக்கிப் பாருங்க, 1157. அடுப்புக்காரங்க கணக்கு அச்சு அசலா இதே இல்லை, ஸ்விட்ச் திறந்திருக்கிற நேரம் மாறும், காயிலும் வேற மாதிரி உட்கார்ந்திருக்கு. ஆனா சொந்தக்காரங்கதான்.

பழனி வந்து அடுப்புக்கு ஐ.ஜி.பி.டி.யும் ஃபியூஸும் மாத்தி, கரப்பானுக்கு வலை போட்டு அனுப்பிட்டு, என் பலகையைக் கழட்டிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். கணக்கு இதுதான், வேணுங்கிறவங்க குறிச்சுக்கலாம். 12 வோல்ட் சப்ளை, 5 வாட் வேணும், 7.03 மெகாஹெர்ட்ஸ். ஸ்விட்ச் பார்க்கவேண்டிய சுமை 0.5768 பெருக்கல் வோல்ட்டேஜின் வர்க்கம் வகுத்தல் வாட், அதாவது 16.6 ஓம். ஸ்விட்சுக்குக் குறுக்கே இருக்கவேண்டிய கெபாசிட்டர் சுமார் 250 பைக்கோஃபாரட். இங்கேதான் அழகு. மாஸ்ஃபெட்டுக்குள் ஒளிஞ்சிருந்து என் விரலைச் சுட்ட கெபாசிட்டரும் இந்த 250-க்குள்ளேயே அடக்கம். வெளியே அது போக மிச்சத்துக்குத்தான் கெபாசிட்டர் வைக்கணும். நேத்து வரைக்கும் எதிரி, இன்னிக்கு சம்பளம் வாங்காத வேலைக்காரன். தொடர்ல வர்ற காயில் 1.9 மைக்ரோஹென்றிக்குப் பக்கம், டி50-2-ன்னு சொல்ற சிவப்பு டொராய்டில் இருபது சுத்து. அப்புறம் 16.6 ஓமை ஆன்டெனாவின் 50 ஓமுக்கு ஏத்த ஒரு காயில் ஒரு கெபாசிட்டர், கிளை அதிர்வெண்களை வடிகட்ட ஒரு ஃபில்டர். ஃபில்டரை விட்டுடாதீங்க. ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யற எதுவும் 14-லும் 21-லும் சேர்ந்து சத்தம் போடும், பக்கத்துக்காரன் திட்டுவான்.

மாஸ்ஃபெட்டையும் மாத்தினேன். ஐ.ஆர்.எஃப்.510-ஐ முழுசா திறக்க கேட்டில் பத்து வோல்ட் வேணும், நான் அஞ்சு வோல்ட் லாஜிக் சிப்பால் தட்டிக்கிட்டு இருந்தேன், பாதித் திறந்த குழாய்க்கு அதுவும் ஒரு காரணம். 2017-ல் ஹான்ஸ் சம்மர்ஸ் வெளியிட்ட கியூசிஎக்ஸ் என்கிற சின்ன டிரான்சீவரில் மூணு பி.எஸ்.170-ஐ இணையா வச்சு கிளாஸ்-ஈ செஞ்சிருப்பார். அஞ்சு வோல்ட்டுக்கே திறக்கும், 60 வோல்ட் தாங்கும். நமக்கு 12 பெருக்கல் 3.56, சுமார் 43 வோல்ட்தான் எகிறும். ஒவ்வொண்ணும் கடலைப்பருப்பு அளவு கறுப்பு பிளாஸ்டிக். ஹீட் சிங்க் மாட்டக்கூட இடம் கிடையாது. அதைக் காப்பியடிச்சேன், வெட்கமே இல்லாம.

முதல் நாளே வேலை செஞ்சுதுன்னு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க, நானும் சொல்லமாட்டேன். முதல் தடவை 250-க்கு பதில் 390 போட்டுட்டேன். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தா வோல்ட்டேஜ் சுழிக்கு வராம பதினஞ்சு வோல்ட்டில் தொங்கிட்டு இருக்கு, பஸ் ஓடிக்கிட்டே இருக்கு. கெபாசிட்டரைக் குறைக்கக் குறைக்க அந்த வளைவு கீழே கீழே வந்து, ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, தரையைத் தடவிட்டு நின்னுச்சு. மீட்டரில் 0.47 ஆம்பியர். 5.6 வாட் உள்ளே, 5 வாட் வெளியே. 88-89 சதவீதம். மூணு பருப்புக்கும் சேர்த்து 0.6 வாட் சூடு. தங்கமணியை எழுப்பித் தொடச் சொன்னேன். "என்ன, ஓடலையா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.

அடுத்த வாரமே மூணு பருப்பும் செத்துச்சு. மொட்டைமாடியில் காத்துக்கு ஆன்டெனா கம்பி அறுந்தது தெரியாம சாவியைத் தட்டிட்டேன். சுமை இல்லைன்னா ஊஞ்சலுக்குப் பிரேக் இல்லை, 43 எங்கே நிக்கும்னு சொல்லமுடியாது. இன்டக்ஷன் அடுப்பில் பாத்திரத்தை எடுத்ததும் "பீப்"ன்னு நின்னுடுதே, அது இதுக்காகத்தான். எனக்கு பீப் வைக்கத் தோணலை. அப்புறம் வச்சேன்.

பேட்டரிக் கணக்கு இப்போ எப்படின்னா, அதே 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழிச்சா (ஈயப் பேட்டரியை அடிவரைக்கும் உறிஞ்சக்கூடாது) 42 வாட்-அவர். சாவியை அமுக்கிப் பிடிச்சே ஏழு மணி நேரத்துக்கும் மேலே. மோர்ஸில் பாதி நேரம் இடைவெளி, கேட்கிற நேரம் தனி. ரெண்டு நாள் ஓட்டலாம். பழைய மாதிரி 45 சதவீத ஆம்ப்ளிஃபயரா இருந்தா அதே அஞ்சு வாட்டுக்கு நாலு மணி நேரம்கூட வராது.

மேலே எடுத்துட்டுப் போகணும்னு இருந்தப்போ கொரோனா வந்து ரெண்டு வருஷம் போச்சு. 2022 மார்ச்சில்தான் போனேன். பெரியப்பாவின் பூண்டுக்காட்டு ஓரத்தில் ரெண்டு யூகலிப்டஸுக்கு நடுவே இருபது மீட்டர் கம்பி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. "இவ்வளவு தாழ்வாவா? காட்டுமாடு வந்தா கொம்புல மாட்டிட்டுப் போயிரும்"னார் பெரியப்பா. தாழ்வாத்தான் வேணும். தாழ்ந்த கம்பி அலையை நேரா வானத்துக்கு அனுப்பும். ஏழு மெகாஹெர்ட்ஸ் பகலில் மேலே அயனி மண்டலத்தில் பட்டுக் குடை மாதிரி விரிஞ்சு திரும்பி இறங்கும், சுத்துவட்டாரம் முன்னூறு நானூறு கிலோமீட்டருக்கு. மலை குறுக்கே நிக்குதா, பள்ளத்தாக்கில் ஊர் இருக்கா, அதெல்லாம் அதுக்குக் கவலை இல்லை. செல்போன் டவர் மலையைச் சுத்திப் பார்க்கணும், இது மலைக்கு மேலே தாண்டிக் குதிக்கும்.

அதே மலையில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 1899-ல் ஆரம்பிச்ச சூரிய ஆய்வுக்கூடம் இருக்கு. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுறதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடிச்ச இடம்னு பள்ளிக்கூட டூர் வர்ற பசங்களுக்குச் சொல்வாங்க. சொல்லாதது, 1950-களிலிருந்து அங்கே அயனி மண்டலத்தையும் அளந்தாங்க என்பது. காந்த நடுக்கோடு இந்த வட்டாரத்தை ஒட்டிப் போறதால் உலகத்துக்கே முக்கியமான இடம். அவங்க கருவி செஞ்சதும் நான் செஞ்சதேதான், அலையை நேரா மேலே அனுப்பித் திரும்பி வர்ற நேரத்தைப் பார்க்கிறது. ஒரு வித்தியாசம், அது ஒண்ணு ரெண்டு மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிச்சு மேலே மேலே மாத்திக்கிட்டே போகணும். அதுக்கு என் கிளாஸ்-ஈ உதவாது. இது ஒரே ஒரு வளைவில் மட்டும் பஸ் ஏறத் தெரிஞ்ச ஆள். 7.03-க்குச் சமைச்சது 10 மெகாஹெர்ட்ஸில் விரலைச் சுடும்.

காலை பத்து மணி. மூணு தடவை கூப்பிட்டதும் பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் பதில் கொடுத்தார், சிக்னல் 559. அப்புறம் மதுரை, கொஞ்சம் மங்கலா. பக்கத்து ஊர்தான், ஆனா நேரா மேலே போய்த் திரும்பணும், அதுதான் கஷ்டம். மதுரைக்காரர் "எங்கிருந்து?"ன்னு கேட்டார். பூம்பாறைப் பக்கம், பூண்டுக்காடுன்னு தட்டினேன். சிரிக்கிறதுக்கு மோர்ஸில் ஒரு வழி இருக்கு, அதைத் தட்டினார். :-)

பெரியப்பா பலகையைப் பார்த்துக்கிட்டே இருந்தவர், நான் தடுக்கிறதுக்குள்ள விரலை அந்த மூணு பருப்பு மேலே வச்சுட்டார். எனக்குப் பழைய கொப்புளம் ஞாபகம் வந்து பதறிட்டேன். அவர் நிதானமா, "சூடே இல்லையேப்பா. மதுரைக்குப் போனது நெஜந்தானா?"ன்னார். நெஜந்தான் பெரியப்பான்னேன். அப்புறம் கேட்டார், "புயல் அன்னிக்கு இது இங்க இருந்திருந்தா, நான் இதுல உங்கப்பன்கிட்ட பேசியிருக்கலாமா?"

பதில் சொல்ல கொஞ்ச நேரம் ஆச்சு. முடியாது. ஒண்ணு, இது பேசாது. வீச்சு ஏறி இறங்குற எதையும் இந்த ஆம்ப்ளிஃபயர் அப்படியே பெருக்காது, இருக்கு, இல்லை, ரெண்டுதான் தெரியும். சப்ளை வோல்ட்டேஜையே குரலுக்கேத்த மாதிரி ஆட்டிப் பேச வைக்கலாம், லியோனார்டு கான் 1952-லேயே அந்த வழியைக் காட்டிட்டார், ஆனா அதுக்கு இன்னொரு கன்வெர்ட்டர் சமைக்கணும். போனில் டைப் அடிச்சு, வீச்சு மாறாம அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தி அனுப்புற டிஜிட்டல் முறைகளும் இருக்கு, அதுக்கு இது பொருத்தம். அதைத்தான் இப்போ செஞ்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு, லைசென்ஸ் இல்லாதவங்க இதைத் தொட்டு ஒலிபரப்பக் கூடாது. நான் பழனியில் இருக்கேன். பெட்டி மேலே இருந்தா ஆள் கீழே, ஆள் மேலே இருந்தா ரோட்டில் மரம்.

இதையெல்லாம் பெரியப்பாகிட்ட அரைகுறையாச் சொன்னேன். "அப்ப இங்க ஒரு ஆளு படிக்கணும்கிற"ன்னுட்டு பூண்டு பார்க்கப் போயிட்டார். பக்கத்தில் கம்பி சுருட்டிக்கிட்டு இருந்த அண்ணன் பொண்ணு அப்போ பத்தாவது. "மோர்ஸ் இல்லாத பரீட்சையும் இருக்கா சித்தப்பா?"ன்னு கேட்டா. இருக்கு, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுன்னேன். இப்போ திண்டுக்கல்லில் காலேஜ் படிக்கிறா. போன மாசம் லீவுக்கு மேலே போனவ என்கிட்ட இருந்த பரீட்சைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா. புத்தகம் பூண்டுக்காட்டில் இருக்கு, பெட்டி இன்னும் என் ஷெல்ஃபில்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது வீட்டு இன்டக்ஷன் அடுப்பைத் திறந்தீங்கன்னா, பிளக்கைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறங்க. உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். பெரியம்மா அடுப்பு இன்னும் ஓடுது. கரப்பான் திரும்ப வந்துடுச்சாம்.